ஏரிக்கு ஒரு நீச்சல் துறை

ஐப்பசியில் தொடங்கிய வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு ஓய்ந்த பிற்பாடு, புதுச்சேரி நகரத்திலிருந்து மேற்கே ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தூரம் சென்று ஊசுடு ஏரிக்கரையில் நிற்பவர்களுக்கு, கண்ணுக்கெட்டிய வரையில் பரந்து கிடக்கும் அந்த ஜலப்பரப்பு மனிதர்கள் கரை கட்டித் தேக்கியது என்று நம்புவது சற்றுச் சிரமமாகவே இருக்கும். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணியாற்றின் வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வந்து நிரப்புகிற இந்த ஏரி, சுமார் 800 ஹெக்டேர் விஸ்தீரணத்தில், பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புதுச்சேரிப் பிரதேசத்திலும் எஞ்சியது விழுப்புரம் மாவட்டத்திலுமாகப் படர்ந்திருக்கிறது. கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் இந்த இடத்தைப் புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டிலும், தன் எல்லைக்குட்பட்ட பகுதியைத் தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நகரத்துக் குடும்பங்கள் இங்கே வந்து, கரையோரத்தில் அமர்ந்து, காற்று வாங்கி, அஸ்தமனம் பார்த்துத் திரும்புகின்றன.

ஆனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு மனிதன் திருப்தியடைந்துவிடுவதில்லை. அதில் இறங்க வேண்டும், காலையாவது நனைக்க வேண்டும், குழந்தையாக இருந்தால் குதிக்க வேண்டும் என்கிற இச்சை நம் எல்லோருக்கும் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மூர்த்திகளோடு சேர்ந்து ஆயிரமாயிரம் பேர் கடலில் நீராடுவதும், காசியைவிட வீசம் அதிகம் என்று ஜனங்கள் போற்றும் திருக்காஞ்சியில் சங்கராபரணியின் துறையில் மூழ்கி எழுவதும் அந்த இச்சைக்குப் பக்தி அளித்த வடிவங்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஏரிகளும் ஆறும் கடலும் சூழ்ந்த இந்தச் சிறிய பிரதேசத்தில், அந்த இச்சைக்கு அரசாங்கம் அளித்திருக்கும் விடை பெரும்பாலும் ஒரு பலகையாகவே இருக்கிறது: இது ஆழமான பகுதி, இங்கே குளிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. பலகை நட்ட மறுவாரமே அதன் காலடியில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இளைஞர்கள் இறங்குகிறார்கள். அவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. தடை ஒன்றினால் மட்டும் எந்த நீர்நிலையும் அபாயமற்றதாக ஆனதில்லை என்பதையும், எங்கே இறங்கலாம் என்று காட்டுகிற கடமையைச் செய்தவர்களுக்குத்தான் எங்கே இறங்கக்கூடாது என்று சொல்கிற அதிகாரம் பலிக்கும் என்பதையும் வற்புறுத்துவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் தேதி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் மாவட்டத்தில், நெல்லிக்குப்பத்தை அடுத்த ஏ. குச்சிப்பாளையம் என்னும் கிராமத்தில், கெடிலம் ஆற்றின் தடுப்பணையருகே குளிக்கச் சென்ற ஏழு பெண்கள், சிறுமியரும் இளம் பெண்களுமாக, ஒரே நேரத்தில் மூழ்கி இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் முயன்றதும், முயன்றவர்களும் மூழ்கியதும் அன்றைய செய்திகளில் வந்தன. கோடை வெயிலுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பிய ஏழு பேரை ஒரே பகலில் இழந்த அந்தச் சிறிய ஊரின் துக்கத்தை எழுத்தில் கொண்டுவர நம்மால் ஆகாது. அவர்கள் நெடுந்தூரம் நீந்தப் போகவில்லை. சாகசம் செய்யப் போகவில்லை. தங்கள் ஊர்த் தண்ணீரில் குளிக்கப் போனார்கள். அந்த நீரின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் அங்கே இல்லை.

ஏரியாகட்டும், தடுப்பணையாகட்டும், மேலே சமமாகத் தோன்றும் நீர்ப்பரப்பின் கீழ் இருப்பது சமதரை அன்று. நம் ஏரிகளின் கரையை ஒட்டிய பக்கம், கரைக்கு மண் வெட்டியெடுத்த இடமாதலால், பெரும்பாலும் ஆழமாகவே இருக்கும்; எதிர்ப்புறத்து உள்வாய்ப் பகுதி ஆழமற்றுச் சரிவாக இருக்கும். இந்தப் பழைய அமைப்பைத் தெரிந்துகொண்டவனுக்கு ஓரளவு வழி தெரியும். ஆனால் சென்ற சில பத்தாண்டுகளில் வீட்டு மனைகளுக்கும் சாலைகளுக்கும் செங்கற் சூளைகளுக்கும் மண் தேவைப்பட்டு, இயந்திரங்களைக் கொண்டு ஏரிகளின் வயிற்றில் ஆங்காங்கே தோண்டிய குழிகள் அந்தப் பழைய ஞானத்தைப் பயனற்றதாகச் செய்துவிட்டன: இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் விழுகிறான். மதகு திறந்திருக்கும் காலத்தில், ஏரி நீரின் முழுக் கனமும் அந்தச் சிறிய வாய் வழியாக வெளியேற முயல்வதால், மேலே அலைகூட இல்லாத இடத்தில் அடியில் உண்டாகும் இழுவை ஒரு பலசாலியின் காலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கலிங்கிலும் தடுப்பணையிலும் நீர் வழிந்து விழுகிற அடிவாரமோ இன்னும் கொடியது. அங்கே விழுந்த நீர் சுழன்று மறுபடியும் அணையை நோக்கியே திரும்புவதால், அகப்பட்டவன் வெளியே வர எவ்வளவு போராடினாலும் விழுகிற நீரின் கீழேயே தள்ளப்படுகிறான். இவற்றோடு சேறும், காலைச் சுற்றும் வேலம்பாசியும், மிதக்கும் ஆகாயத்தாமரையும் சேர்ந்துகொள்கின்றன.

பாகூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு பிற்பகலில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நீரில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்துக் கூப்பிட்டதைக் கேட்க நேர்ந்தது. "டேய் தம்பி, மதவாண்ட போவாதீங்கடா! உள்ள இழுத்துக்கினு போயிடும்! இந்தாண்ட வந்து குளிங்க!" பையன்கள் நகர்ந்தார்கள். போகாதே என்று சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. இந்தப் பக்கம் வா என்று இடத்தையும் காட்டினார். ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட பெரியவர்கள் இருந்த காலத்தில் பலகைகள் தேவைப்படவில்லை. நகரத்திலிருந்து இரு சக்கர வாகனங்களில் வந்து இறங்கும் அந்நிய இளைஞர்களுக்கோ அந்த ஏரியின் சுபாவமும் தெரியாது, அந்தப் பெரியவரும் தெரியாது.

நம்முடைய முன்னோர்கள் நீச்சல் கற்ற முறையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டோ, முருங்கைக் கட்டையையோ வாழை மரத்தையோ அணைத்துக்கொண்டோ, அண்ணன்மாரோ மாமன்மாரோ பக்கத்தில் நிற்க, ஊர்க் கிணற்றிலும் கோயில் குளத்திலும் கைகால் அடித்துப் பழகி, பின்னர் குடுக்கையை விட்டு, அதற்கும் பின்னர் மல்லாந்து மிதக்கவும் முங்கவும் கற்றுத் தேர்ந்தவர்கள்தாம் மழைக்காலத்து ஏரியில் இறங்கினார்கள். குளத்தின் படித்துறையே ஒரு சிறந்த ஆசானாக விளங்கியது. ஒரு படி இறங்கினால் முழங்கால், மூன்று படி இறங்கினால் இடுப்பு, அதற்கும் கீழே மார்பு என்று, ஆழம் படிப்படியாகத் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும்படி கல்லினால் அமைத்த அந்த ஏற்பாட்டுக்கு மேலான பாதுகாப்புச் சாதனத்தை இன்றைய பொறியியல்கூட எளிதில் காட்டிவிட முடியாது. ஆழ்குழாய்கள் வந்து, திறந்த கிணறுகள் வற்றித் தூர்ந்துபோய், குளங்கள் சாக்கடை கலந்து பாழ்பட்ட பிறகு, நீச்சல் என்பது ஊர்ப் பிள்ளைகளின் சொத்தாக இருந்த நிலை மாறி, மாதக் கட்டணம் செலுத்தி நீலத் தரை பதித்த தொட்டிகளில் கற்கும் வித்தையாயிற்று. நல்லவேளையாக இந்த ஊரில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கல்வி நிலையம் தேகப்பயிற்சியை, அதில் நீச்சல் உட்பட, படிப்பின் அங்கமாகவே நடத்திக் காட்டியிருக்கிறது. ஆயினும் வில்லியனூரிலும் திருக்கனூரிலும் உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டுவது எப்போது?

மூழ்குகிறவர்கள் கூச்சலிட்டுக் கையை வீசி உதவி கேட்பார்கள் என்பது சினிமா நமக்குக் கற்பித்த பிழையான பாடம். மூச்சுக்கே வழியில்லாதவன் எப்படிக் கூவுவான்? உண்மையில் அவன் செங்குத்தாக நின்றபடி, தலை பின்னே சாய்ந்து, வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்த, ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில், பத்தடி தூரத்தில் நிற்கும் சிநேகிதர்களுக்குக்கூடத் தெரியாமல் உள்ளே போய்விடுகிறான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் இவ்வாறு இறந்தார்கள். நம் தேசத்தில் மட்டும் வருஷந்தோறும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறப்பதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்கிறது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021ஆம் ஆண்டு தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் தினமாக அறிவித்தது.

காப்பாற்றப் போய் மாய்ந்தவர்களைப் பற்றி நினைக்கும்போது புதுச்சேரிக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு பெயர் உண்டு. லண்டனிலிருந்து ஆங்கிலேய உளவாளிகளின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு 1910ஆம் ஆண்டில் இந்தப் பிரெஞ்சு நகரத்தை வந்தடைந்து, பாரதியாரோடும் அரவிந்தரோடும் அடைக்கல வாழ்க்கை நடத்தி, இவ்வூர் இளைஞர்களுக்குத் தேகப்பயிற்சியில் நாட்டம் உண்டாக்கிய வ.வே.சு. ஐயர், 1920இல் ஆங்கிலப் பிரதேசத்துக்குத் திரும்பிச் சேரன்மாதேவியில் குருகுலம் அமைத்தார். 1925ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குருகுலத்துப் பிள்ளைகளுடன் பாபநாசத்துக்குச் சென்றபோது, அருவியருகே நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற அவருடைய மகள் சுபத்திரை தவறி விழ, அவளைக் காக்கப் பின்னேயே பாய்ந்த தந்தையும் அவளோடு ஜலசமாதியடைந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த அறிவும், வீரமும், உடல்வலியும் ஒருங்கே கொண்ட அந்த மனிதரையே ஒரு நீரோட்டம் கொண்டுபோய்விட்டது என்றால், நீச்சல் தெரியாத சாமானியன் வெறும் பாசத்தை மட்டும் துணைகொண்டு குதிப்பதைப் பற்றி என்ன சொல்வது! தந்தையின் பாசத்தைக் குறை கூற எவருக்கும் நாக்கு எழாது. அந்தப் பாசத்தின் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்திருக்கலாமே என்றுதான் நெஞ்சம் அடித்துக்கொள்கிறது.

ஆம், கயிறுதான். அல்லது புடவை, வேட்டி, மூங்கிற் கழி, மூடி போட்ட காலித் தண்ணீர்க் கேன், லாரி டியூப்: கரையில் படுத்துக்கொண்டு நீட்டக்கூடியதும், நின்றுகொண்டு வீசக்கூடியதும் எதுவாயினும் அது குதிப்பதைவிட மேலானது. மூழ்குகிறவன் தன்னை நெருங்கி வருகிறவனைப் பிடித்து அழுத்தி மேலே ஏறப் பார்ப்பான். அது அவன் குற்றமன்று, உயிரின் இயற்கை. கைகோத்துச் சங்கிலிபோல் இறங்குவதும் நல்லதன்று. முதலாமவன் குழியில் விழுந்தால் கோத்த கைகளெல்லாம் பின்தொடர்கின்றன. கரைக்குக் கொண்டுவந்த பிறகு நம் ஊர்களில் வழக்கமாகச் செய்யும் காரியங்கள், அதாவது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்ப்பது ஆகியவை அனைத்தும் விலைமதிப்பற்ற நிமிஷங்களை வீணாக்குவதோடு, வயிற்றிலிருந்து வெளிவரும் நீர் சுவாசக் குழாயில் புகுந்து தீங்கும் செய்யும். உணர்வும் மூச்சும் இல்லையென்று கண்டால், மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் சில முறை மூச்சை ஊத வேண்டும். மாரடைப்பில் வீழ்ந்தவனைப் போலல்லாமல், மூழ்கியவனுக்குக் குறைந்திருப்பது பிராணவாயு என்பதே இதற்குக் காரணம். அதன் பிறகு மார்பின் நடுவில் இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், 30 அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு என்ற விகிதத்தில், 108 வண்டி வரும் வரையில் ஓயாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம் ஊரிலேயே இருக்க, இந்தச் சிறு வித்தையை ஏரியையொட்டிய ஒவ்வொரு கிராமத்திலும் பத்துப் பேருக்கேனும் கற்பிப்பது ஆகாத காரியமா?

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கைகள் வேண்டாம் என்று சிலர் கருதக்கூடும். தமிழர்களில் திறந்த நீரில் நெடுந்தூரம் நீந்திப் புகழ் பெற்றவர்களின் சரித்திரம் அதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது. 1954இல் பாக்கு நீரிணையைக் கடந்த தொண்டைமானாற்று நவரத்தினசாமியும், 1971இல் அதே நீரிணையைச் சென்று திரும்பி இருமுறை கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனும், பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே 1994இல் ஒரே ஆண்டில் ஆறு நீர்வழிகளை நீந்தி மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டிய குற்றாலீசுவரனும் செய்தவை மகத்தான காரியங்கள். இத்தகைய நீச்சல்களில் பக்கத்திலேயே படகு வருவதும், நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்துப் புறப்படும் வேளையைக் குறிப்பதும், நீந்துகிறவனின் முகத்தையும் கைவீச்சையும் விடாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் விதியாகவே இருக்கின்றன. அவ்வளவும் இருந்தும் 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீர் ஆனந்தனை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. பாக்கு நீரிணையை வென்றவர்களுக்கே ஒரு துணைக்கண் அவசியமாக இருக்க, பொங்கல் விடுமுறையில், மது அருந்திவிட்டு, யாருக்கும் சொல்லாமல், ஆழம் தெரியாத இடத்தில் தலைகுப்புறப் பாய்கிற இளைஞனுக்கு அது எவ்வளவு அவசியம்! படகுச் சவாரியிலும் இதே நியதிதான். 2009இல் தேக்கடியில் கவிழ்ந்த உல்லாசப் படகில் இறந்த 45 பேரை நினைத்துக்கொண்டால், சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டச் சொல்லும் ஊழியரிடம் வெயிலையும் வியர்வையையும் சொல்லி ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

செலவு அதிகமாகுமே என்று அஞ்சுகிறவர்கள் வங்காளதேசத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு குட்டைகள் நிறைந்த, மழலைகள் மூழ்கி இறப்பது மிகுந்திருந்த அந்த ஏழை நாட்டில், நீச்சல் தொட்டிகள் கட்டப் பணமில்லை என்பதற்காக அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் நீருக்கடியில் ஒரு தளம் அமைத்து, நான்கு பக்கமும் மூங்கில் வேலி கட்டி, குழந்தைக்கு மார்பளவுக்கு மேல் ஆழம் போகாதபடி செய்து, அந்த ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு, நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்துவது, அரை நிமிஷம் மிதப்பது, மூழ்குகிற தோழனுக்குக் கரையில் இருந்தபடியே எதையாவது நீட்டுவது. பாடத்திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது மிகப் பெரிய அளவில் குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மூங்கிலும் குளமும் நமக்கும் உண்டு.

இனி, இதை யார் செய்வது என்ற கேள்வி எழுகிறது. புதுச்சேரிக்கு இதில் மற்ற ஊர்களுக்கில்லாத ஒரு வசதி இருக்கிறது. 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையால் இங்கே பிறந்த கொம்யூன் என்னும் உள்ளாட்சி அமைப்பு, 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும், வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன், அரியாங்குப்பம் கொம்யூன் என்ற பெயர்களில் இன்றளவும் நீடிக்கிறது. பிரான்சு தேசத்திலோ, கொம்யூனின் மேயர், தம் எல்லைக்குள் ஜனங்கள் நீராடும் இடங்களுக்குச் சட்டப்படி பொறுப்பாளியாகிறார்: போதிய பாதுகாப்புள்ள பகுதியை எல்லை கட்டிக் காட்டுவதும், எந்த மாதங்களில் எந்த நேரங்களில் காவல் உண்டு என்பதைப் பொதுவில் அறிவிப்பதும் அவர் கடமை. அந்நியர் ஆட்சியிலிருந்து அமைப்பை வாங்கிக்கொண்ட நாம் இந்தக் கடமையை வாங்கிக்கொள்ளாமல் விட்டுவிட்டோம். 2006இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு நெடுங்காலம் தேர்தலையே காணாமல் அதிகாரிகளின் கையில் இருந்துவரும் கொம்யூன்களிடம் ஏரியின் படித்துறையைப் பற்றி முறையிட்டால் யார் காதில் விழும் என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் முடியாத காரியமன்று இது என்பதற்குச் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரையே சாட்சி. 2021ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று பெற்ற அந்தக் கடற்கரைக்கு அந்தச் சான்று வெறும் அழகுக்காகக் கிடைத்ததன்று. நீரின் தரத்தைச் சோதிப்பது, உயிர்காப்பாளர்களை நிறுத்துவது, முதலுதவிச் சாதனங்களைத் தயாராக வைப்பது ஆகியவை அதன் நிபந்தனைகளில் அடங்கியவை. கொந்தளிக்கும் வங்கக் கடலின் ஓரத்தில் செய்ய முடிந்ததை அசையாத ஏரியில் செய்ய முடியாதா?

எந்த ஏரியில் என்பதிலும் நமக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. ஊசுடு ஏரியில் வேண்டாம். அது பறவைகளுக்கு என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்ட இடம். அங்கே மனிதர்கள் கரையில் நடக்கலாம், தொலைநோக்கியால் பார்க்கலாம், ஓசையிடும் இயந்திரப் படகுகளைக்கூட விலக்கிவிடுவது நல்லது. நகரத்தை ஒட்டிய வேல்ராம்பட்டு ஏரியைப் போன்றவற்றில், சாக்கடை ஒரு துளியும் கலக்கவில்லை என்று பரிசோதனை சொல்லும் வரையில் எவரையும் இறக்குவது பாவம். அசுத்த நீரிலிருந்து வயிற்றுப் போக்கும் எலிக்காய்ச்சலும் வருவதோடு, 2024ஆம் ஆண்டில் கேரளத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட, மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா நோயையும் நாம் மறப்பதற்கில்லை. ஐரோப்பிய நாடுகள் நீராடும் ஏரிகளில் மலக்கிருமிகளின் அளவைப் பருவந்தோறும் சோதித்துக் கரையிலேயே எழுதி வைக்கின்றன. நம்முடைய தேர்வு பாகூர் ஏரி. புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளில் ஊசுடுவுக்கு அடுத்தபடியாகப் பெரியதான அது, தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீரைப் பெறுகிறது; பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகளின் தியாகத்தால் உண்டானது என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் நன்றியோடு கதை சொல்கிறார்கள். தனக்குச் சொந்தமான மாளிகையை இழந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்று சொல்லப்படும் ஆயியின் நினைவு மண்டபத்தையே அரசுச் சின்னமாகப் பொறித்துக்கொண்ட பிரதேசம் இது. நீர் தந்த பெண்களை இவ்வளவு மதிக்கும் ஊரில், பெண்கள் அச்சமின்றி நீரில் இறங்க ஓர் இடம் இல்லை என்பது பொருந்துமா?

ஏனென்றால் குச்சிப்பாளையத்தில் மாண்ட எழுவரும் பெண்கள். ஆண் பிள்ளைகளாவது எங்கேயோ எப்படியோ நீந்தப் பழகிவிடுகிறார்கள். பெண் குழந்தை பருவமெய்துவதற்குள் கற்றால் கற்றது, இல்லையேல் ஆயுள் முழுதும் இல்லை என்பதே நம் வீடுகளின் நிலைமை. நாம் கோரும் நீச்சல் துறையில் பெண்களுக்கென்று தனி நேரமும், கற்பிக்கப் பெண் ஆசிரியைகளும் இருக்க வேண்டும். அது எல்லாச் சாதியாருக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்வது இந்தக் காலத்தில் அநாவசியம் என்று எண்ணாதீர்கள். பொதுக்குளத்து நீரைத் தொடும் உரிமைக்காக 1927இல் மஹாடில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்த தேசம் இது. ஊர்க்குளத்தில் இறங்க விடாததனால் கல்லுடைத்த குட்டையிலும் மண்ணெடுத்த பள்ளத்திலும் நீந்தப் பழகி, அங்கேயே மாண்டுபோன ஏழைச் சிறுவர்களைப் பற்றிய கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் முதற்படியான வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை, நிபுணர் குழுவும் தேவையில்லை. குளிர்நாட்டு ஏரிகள் ஆண்டு முழுதும் நிரம்பியே இருப்பதால் அவற்றின் அடித்தரையை அளக்கக் கருவிகள் வேண்டியிருக்கிறது. நம் ஏரிகளோ சித்திரை வைகாசியில் பெரும்பகுதி வற்றி, தங்கள் வயிற்றை நமக்குத் திறந்து காட்டிவிடுகின்றன. அந்த மாதங்களில் கொம்யூன் பொறியாளரும், மதகு திறக்கிற ஆளும், ஊர்ப் பெரியவர்கள் இருவரும் ஏரிக்குள் நடந்து சென்று, எங்கே குழி, எங்கே சேறு, எங்கே சமதரை என்று பார்த்து, மதகுக்கும் கலிங்குக்கும் வெகு தூரத்தில், உள்வாய்ப் பக்கத்துச் சரிவான தரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயுள்ள பள்ளங்களை மண்ணிட்டு நிரவி, படிகள் அமைத்து, சிறுவர் மார்பளவு வரையில் பச்சையும் அதற்கப்பால் சிவப்புமாக வர்ணம் பூசிய கம்பங்களை வரிசையாக நட்டுவிட வேண்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை புதுச்சேரியில் கொட்டியதையும், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களை மூழ்கடித்ததையும் கண்ட நாம், பெருவெள்ளம் தரையின் அமைப்பையே மாற்றிவிடும் என்பதை அறிவோம். ஆகையால் இந்த நடையும் அளவும் ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரையில், நீர் நிறைந்திருக்கும் மாதங்களுக்கு மட்டும், காலையும் மாலையும் இரண்டு காவலர்கள் போதும். வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் கடலோடு பிறந்து வளர்ந்த மீனவ இளைஞர்களுக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்து, கயிறும் மிதவையும் விசிலும் அவர்கள் கையில் தந்தால், அவர்களைவிடத் தகுதியானவர்களை நாம் எங்கே போய்த் தேடுவது? அடுத்த வைகாசியில் பாகூர் ஏரி வற்றும். முதல் கம்பத்தை அப்போதே நட்டுவிடலாம்.